43 கோடி கோப்புகளை நகலெடுக்கையில் சிபி ஏன் நின்றது? ஒரு நினைவக ஆய்வு

2014-ல் பொதுவில் பதிவான நிகழ்வு இது. ஒரு நிறுவனத்தின் பேக்கப் சர்வரில் இருந்த 43.2 கோடி கோப்புகளை, மொத்தம் 39 டிபி, ஒரு டிஸ்க் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கோப்புகளை நகலெடுக்க எல்லா லினக்ஸிலும் இருக்கும் சிபி (cp) கட்டளையைத்தான் பயன்படுத்தினார்கள். வேலை 10 நாள் ஓடியது. நடுவில் சில முறை சிபி அசைவே இல்லாமல் நின்றது. கோப்புகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் அது வெளியேறவில்லை. ஒரு நாளுக்கு மேல் காத்திருந்துவிட்டு ப்ராசஸைக் கில் செய்தார்கள்.

39 டிபி என்பது பெரிய அளவுதான். ஆனால் சிபியைத் திணறவைத்தது அந்த அளவு அல்ல. எந்தக் கோப்பு எதனுடன் ஹார்ட் லிங்க் ஆகியிருக்கிறது (அதாவது ஒரே தரவுக்கு எந்தெந்தப் பெயர்கள்) என்று சிபி தன் நினைவகத்தில் எழுதிவைக்கும் கணக்குதான் 10 ஜிபி ரேமைத் தாண்டி வளர்ந்தது. அந்தக் கணக்கு எவ்வளவு வளரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே அளந்துவிடலாம். அளவு மிஞ்சும் என்று தெரிந்தால், லிங்க் உடையாமல் வேலையைத் துண்டு போடவும் வழி இருக்கிறது.

அமைப்பு

சர்வர் பழையது: 2 கோர், முதலில் 2 ஜிபி ரேம், உபுண்டு 14.04. அதனுடன் இணைந்த பெட்டியில் தலா 4 டிபி கொண்ட 12 டிஸ்குகள், ரெய்டு 6. இரண்டு டிஸ்கின் இடம் பாரிட்டிக்கு, அதாவது இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலுக்கு, போக 40 டிபி பயன்பாட்டுக்கு. மேலே எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். சர்வரின் ஒரே வேலை ஆர்ஸ்னாப்ஷாட் என்ற நிரல் மூலம் பேக்கப் எடுப்பது. ஆர்ஸ்னாப்ஷாட் ஒவ்வொரு முறையும் ஒரு முழு அடைவு மரத்தைப் போடும், அதுவே ஒரு ஸ்னாப்ஷாட். மாறாத கோப்புகளைத் திரும்ப எழுதாமல், முந்தைய ஸ்னாப்ஷாட்டில் உள்ள அதே ஐநோடுக்கு (ஒரு கோப்பின் தரவைக் குறிக்கும் ஃபைல் சிஸ்டப் பதிவுக்கு) இன்னொரு பெயர் மட்டும் வைக்கும். அதனால் பெரும்பாலான கோப்புகளுக்கு 30-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

ஒரு டிஸ்க் பழுதானது. மாற்று டிஸ்க் போட்டு ரீபில்ட் நடக்கும்போது அந்த மாற்று டிஸ்கும் போனது. அதற்குள் வேறொரு டிஸ்கும் பழுதாகிவிட்டது. ரெய்டு 6 இரண்டு டிஸ்க் இழப்பைத் தாங்கும். ஆனால் மூன்று டிஸ்குகளில் ஒரே வரிசையைச் சேர்ந்த ப்ளாக்குகள் கெட்டிருந்தால் அந்தத் தரவு போனதுதான், சிவப்பு விளக்கு எரிவது இரண்டு டிஸ்கில் மட்டும் என்றாலும். பழைய பெட்டியை நம்ப முடியாத நிலையில் புதிய பெட்டி வாங்கி மாற்ற முடிவானது.

சந்தேகமில்லாத டிஸ்க் என்றால் டிடி அல்லது பிவிமூவ் போன்ற ப்ளாக் நிலை நகல்தான் சரி. ஃபைல் சிஸ்டத்தில் எத்தனை கோப்பு இருந்தாலும் அதற்குச் சில எம்பி நினைவகம் போதும். இங்கே கோப்பு நிலை நகலைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. படிக்க முடியாத ப்ளாக் வந்தால் அது எந்தக் கோப்பில் விழுந்தது என்று சிபி பெயரோடு சொல்லிவிடும். டிடி அதைச் சொல்லாது. ஹார்ட் லிங்கைக் காக்க நினைவகம் தேவைப்படும் என்று தெரிந்தே 8 ஜிபி ரேம் கூடுதலாகப் போட்டு, ஸ்வாப் இடத்தையும் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) பெருக்கினார்கள். எண்ணம் சரி. எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்குதான் பற்றவில்லை.

தொடக்கத்தில் நொடிக்கு 300 முதல் 400 எம்பி வேகம் வந்தது. பிறகு சரிந்தது. புதிய தரவை எழுதும் நேரத்தைவிட, ஏற்கெனவே எழுதியதற்கு லிங்க் போடும் நேரமே அதிகமானது. லிங்க் ஒவ்வொன்றும் மெட்டாடேட்டா மாற்றம், அது ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் வழியாகப் போகவேண்டும். எம்பி கணக்கில் வேகம் குறைவாகத் தெரிந்தாலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இந்த மந்தம் இயல்பானது. அடுத்து வந்த நிறுத்தம் வேறு வகை.

சிபி எதை நினைவில் வைக்கிறது

ஹார்ட் லிங்கைக் காக்கச் சொன்னால், லிங்க் எண் 1-க்கு மேல் உள்ள ஒவ்வொரு கோப்பையும் முதல்முறை பார்க்கும்போது சிபி ஒரு பதிவு போடுகிறது. அதில் மூன்று விவரங்கள்: ஐநோட் எண், டிவைஸ் எண், புதிய இடத்தில் அந்தக் கோப்பின் முழுப் பாதை. அதே ஐநோட் வேறு பெயரில் மறுபடி வந்தால் பதிவைத் தேடி எடுத்து, தரவை நகலெடுக்காமல் லிங்க் மட்டும் போடுகிறது. லிங்க் எண் 1 உள்ள கோப்புக்குப் பதிவே கிடையாது. ஆகவே மொத்தக் கோப்பு எண்ணிக்கையை வைத்து நினைவகத்தைக் கணிப்பது தவறு. பல பெயர் கொண்ட தனித்தனி ஐநோடுகள் எத்தனை என்பதே கணக்கு.

64 பிட் லினக்ஸில் ஒரு பதிவின் விலை இது. ஐநோட், டிவைஸ், பாதைக்கான பாயின்டர் சேர்ந்து 24 பைட். நினைவகம் ஒதுக்கித் தரும் மாலக் அதற்கு ஒதுக்குவது 32. பாதை 100 எழுத்து என்றால் அதற்கு 112. பதிவுகளை விரைவாகத் தேடி எடுக்க உதவும் ஹாஷ் டேபிளில் ஒரு பக்கெட் (ஓர் இடம்) 16 பைட்; ஒரே பக்கெட்டில் இரண்டாவது பதிவு மோதினால் அதற்குத் தனியாக 32 பைட் ஒதுக்கம். இவற்றைச் சராசரியாக்கினால் பதிவுக்கு 25 பைட் அளவில் வரும். மொத்தம் ஏறத்தாழ 170 பைட்.

அதாவது 1 கோடி ஐநோடுக்கு 1.7 ஜிபி, 10 கோடிக்கு 17 ஜிபி. இந்த நிகழ்வில் சிபி ப்ராசஸின் அளவு கடைசியில் 17 ஜிபியைத் தாண்டியிருந்தது. சர்வரில் ரேம் 10 ஜிபி.

பாதையின் நீளம் இதில் பெரும்பங்கு என்பதைக் கவனிக்கவேண்டும். இலக்கு அடைவின் முன்பகுதியும் ஒவ்வொரு பதிவிலும் முழுதாகச் சேமிக்கப்படும். இலக்கின் பெயர் 40 எழுத்து நீளம் என்றால் 10 கோடிப் பதிவுகளில் அது மட்டுமே 4 ஜிபி. இலக்கு அடைவுக்குள் போய் நின்று, அங்கிருந்து புள்ளியை இலக்காகக் கொடுத்து சிபியை ஓட்டினால் இந்தச் சுமை போய்விடும். செலவில்லாத சேமிப்பு இது.

இன்னொன்று: ஒரு ஐநோடின் எல்லாப் பெயர்களும் வந்து முடிந்தாலும் சிபி அதன் பதிவை அழிப்பதில்லை. எனவே டேபிள் வளர மட்டுமே செய்யும்.

நடுவில் ஏன் நின்றது

சிபி நின்றபோது, ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை (சிஸ்டம் கால்) காட்டும் ஸ்ட்ரேஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சிஸ்டம் கால்கூட இல்லை. மூலநிரலைப் படித்தபோது காரணம் தெரிந்தது. ஹாஷ் டேபிள் நிரம்பியதும் அதைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. ரேம் தீர்ந்த நிலையில் அந்த வேலை ஸ்வாப்பில் மாட்டிக்கொண்டது.

சிபி பயன்படுத்தும் ஹாஷ் டேபிள் நூலகத்தில், பக்கெட்டுகளில் 80% நிரம்பியதும் புதிய டேபிள் 1.414 மடங்கு பெரிதாக ஒதுக்கப்படும். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் புதிய பக்கெட் எண்ணைக் கணக்கிட்டு மாற்றவேண்டும். பக்கெட் எண் என்பது ஐநோட் எண்ணை டேபிள் அளவால் வகுத்து வரும் மீதி. ஐநோட் எண்ணோ பதிவுக்குள் இருக்கிறது, டேபிளில் அதன் பாயின்டர் மட்டும்தான். ஆகவே டேபிளைப் பெரிதாக்குவதென்றால் எல்லாப் பதிவையும் ஒருமுறை தொட்டாகவேண்டும்.

தொடும் வரிசைதான் கேடு. பதிவுகள் நினைவகத்தில் இருப்பது நகலெடுத்த வரிசையில். தொடுவது பக்கெட் வரிசையில். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அடுத்தடுத்த பதிவுகள் வெவ்வேறு 4 கேபி பக்கங்களில் கிடக்கும். அந்தப் பக்கம் ஸ்வாப்பில் இருந்தால் டிஸ்கிலிருந்து படிக்கவேண்டும், அதற்கு இடம் செய்ய வேறொரு பக்கத்தை வெளியேற்றவேண்டும். சுழலும் டிஸ்கில் சிதறிய படிப்பு நொடிக்கு 100 அளவுதான் கிடைக்கும். 10 கோடிப் பதிவில் 1% மட்டும் டிஸ்குக்குப் போனாலும் 10 லட்சம் படிப்பு: 10,000 நொடி, ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். 10% போனால் ஒரு நாளுக்கு மேல்.

103 பதிவுக்கான அளவில் தொடங்கும் டேபிள் கோடிக்கணக்கில் வளர 40 முறை அளவில் பெரிதாகவேண்டும். முதல் 35 முறை யார் கண்ணுக்கும் படாது. ரேமைத் தாண்டியபின் வரும் ஓரிரண்டு முறைதான் மணிக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளமாக. மாற்றம் நடக்கும்போது பழைய பக்கெட் வரிசையும் புதியதும் ஒரேநேரத்தில் நினைவகத்தில் இருக்கும் என்பதால், மிக நெருக்கடியான நேரத்தில் 1 ஜிபிக்கு மேல் கூடுதல் தேவையும் வரும். நினைவகம் தீர்ந்தால் கெர்னல் ப்ராசஸைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான்.

முடிந்த பிறகும் ஏன் முடியவில்லை

10-ம் நாள், டிஸ்க் பயன்பாட்டைக் காட்டும் டிஎஃப் கட்டளை இரு பக்கமும் ஒரே அளவு ப்ளாக்குகளையும் ஐநோடுகளையும் காட்டியது. சிபி வெளியேறவில்லை. அப்போதைய சிபி, வேலை முடிந்ததும் ஹாஷ் டேபிளை ஒவ்வொரு பதிவாக விடுவித்தது. ஃப்ரீ செய்யவேண்டுமென்றால் பதிவையும் அதன் பாதையையும் தொடவேண்டும். தொட்டால் பக்கம் மாறும். மாறிய பக்கத்தை மறுபடி ஸ்வாப்பில் எழுதவேண்டும். 17 ஜிபியையும் டிஸ்கிலிருந்து கொண்டுவந்து, கலைத்து, திருப்பி எழுதும் வேலை.

இது தேவையே இல்லாத வேலை. ப்ராசஸ் வெளியேறினால் கெர்னல் அதன் பக்கங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். ஸ்வாப்பில் உள்ளதைப் படிக்காமலேயே அந்த இடத்தைக் காலி என்று குறித்துவிடும், சில நொடிகளில். சிபி அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் பிந்தைய மூலநிரலில் இந்த விடுவிப்பு, நினைவகக் கசிவு சோதிக்கும் கட்டமைப்புக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. வழக்கமான கட்டமைப்பில் அது ஓடாது.

கில் செய்ய அவ்வளவு தயங்கியதற்கு இன்னொரு காரணம் லாக். நகலாகும் ஒவ்வொரு பெயரையும் அச்சிடும் வெர்போஸ் ஆப்ஷன் போட்டு, வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் சேர்த்து டீ கட்டளை வழியே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பைப்புக்குப் போகும் வெளியீட்டை சி நூலகம் வரிக்கு வரி அனுப்பாது. பஃபர் நிரம்பினால்தான் அனுப்பும். அதனால் லாக் ஒரு வரியின் நடுவில் நின்றிருந்தது, மிச்சம் சிபியின் பஃபரில். கில் செய்தால் அது போய்விடும்.

ஸ்டிடிபஃப் கட்டளையின் மூலம் வரிவாரியாக அனுப்பச் சொல்லலாம். ஆனால் கோடிக்கணக்கான வரிக்கு வரிக்கொரு ரைட் என்பது சும்மா வராது. நகலான பெயர்களின் பட்டியல் உண்மையில் தேவையில்லை. அதைப் பின்னால் ஃபைண்ட் மூலம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தேவையானது பிழைச் செய்தி மட்டும். அதற்குப் பஃபர் கிடையாது, உடனே எழுதப்படும். வெர்போஸை விட்டுவிட்டு, பிழை வெளியீட்டை மட்டும் தனிக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் போதும். கெட்ட ப்ளாக் விழுந்த கோப்புகளின் பெயர்கள் அதில்தான் வரும். இந்த இடமாற்றத்தில் காக்கவேண்டிய ஒரே லாக் அதுதான்.

ஓடும்போதே கண்டறிவது

சிபி நின்றுவிட்டது போலத் தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது ப்ராசஸின் நிலை. பிஎஸ் அல்லது டாப்பில் அது டி நிலையில் (டிஸ்குக்காகக் காத்திருக்கும் நிலை) அடிக்கடி இருந்து, மேஜர் ஃபால்ட் (டிஸ்கிலிருந்து பக்கத்தைப் படிக்கவேண்டி வந்த தடவைகள்) எண்ணிக்கை ஒவ்வொரு நொடியும் ஏறினால், ஸ்வாப்பிலிருந்து பக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பேஜ் ஃபால்ட் சிஸ்டம் கால் அல்ல. அதனால்தான் ஸ்ட்ரேஸ் வெறுமையாக இருக்கிறது. விஎம்ஸ்டாட்டை 5 நொடி இடைவெளியில் ஓட்டி ஸ்வாப்பிலிருந்து வருவதையும் ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகளையும் பார்த்தால் உறுதியாகும். ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு உள்ளது. அதில் ரேமில் இருக்கும் அளவும் ஸ்வாப்பில் இருக்கும் அளவும் தனித்தனியாக வரும். இரண்டையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைத்தால், ரேம் எப்போது தீரும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

நின்றிருப்பது டேபிளைப் பெரிதாக்கவா, கடைசி விடுவிப்பா? இரு பக்க ஐநோட் எண்ணிக்கையும் சமமாகிவிட்டதென்றால் விடுவிப்பு. அப்போது கில் செய்வதால் கோப்புக்கு ஆபத்து இல்லை. சமமாகவில்லை என்றால் பொறுத்திருப்பதே நல்லது. அங்கே கில் செய்தால் டேபிள் மொத்தமும் போகும். அப்டேட் ஆப்ஷனுடன் மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே போன கோப்புகளைத் தாண்டிச் செல்லும், தாண்டும்போதே அவற்றின் பதிவையும் போட்டுக்கொள்ளும், ஆகவே லிங்க் உடையாது. ஆனால் அதே 17 ஜிபி டேபிள் மறுபடியும் முதலிலிருந்து வளரும்.

ஓட்டத்தின் நடுவே செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்வாப்பை எஸ்எஸ்டியில் சேர்ப்பதுதான் இவற்றில் பெரிய பலன் தரும். சிதறிய படிப்பில் சுழலும் டிஸ்கைவிடப் பல நூறு மடங்கு வேகம். ஸ்வாப்பினஸ் மதிப்பை வழக்கமான 60-லிருந்து 10-க்குக் கீழே இறக்கினால், ஒருமுறை படித்து மறக்கவேண்டிய கோப்புத் தரவுக்காக சிபியின் டேபிளை வெளியே தள்ளுவது குறையும். இசட்ஸ்வாப்பைப் போட்டால் பக்கங்கள் டிஸ்குக்குப் போகும் முன் ரேமிலேயே சுருக்கப்படும். ஒரே முன்பகுதி திரும்பத் திரும்ப வரும் பாதைகள் நன்றாகவே சுருங்கும். ஸ்வாப்பை நகல் நடக்கும் அதே டிஸ்க் வரிசையில் மட்டும் வைக்கக்கூடாது.

முன்பே அளப்பது

ஃபைண்ட் கட்டளைக்கு இரண்டு நிபந்தனை: சாதாரணக் கோப்பு, லிங்க் எண் 1-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஐநோட் எண்ணை மட்டும் அச்சிடச் சொல்லி, சார்ட் கட்டளையின் யுனீக் ஆப்ஷன் வழியே அனுப்பி, வரிகளை எண்ணவேண்டும். வரும் எண்ணை, சராசரிப் பாதை நீளத்துடன் 70-ஐக் கூட்டி வரும் பைட் அளவால் பெருக்கினால் சிபியின் தேவை. அது ரேமில் 70 சதத்துக்குள் இருந்தால் நேராக ஓட்டலாம். மிச்சம் கெர்னலுக்கும் பேஜ் கேச்சுக்கும் வேண்டும்.

சார்ட் எத்தனை கோடி வரியானாலும் ரேமில் அடக்க முயலாது. நிரம்பியதும் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பிறகு இணைக்கும். அந்தக் கோப்புகள் வழக்கமாக டிஎம்பி அடைவுக்குப் போகும். பல லினக்ஸ்களில் டிஎம்பி என்பது ரேமிலேயே உள்ள டிஎம்பிஎஃப்எஸ். அளக்கப்போய் ரேமைத் தீர்த்துவிடாமல் இருக்க, தற்காலிக அடைவாக உண்மையான டிஸ்கில் ஓர் இடத்தைக் கொடுக்கவேண்டும்.

தேதிவாரியாக அல்ல, பாதைவாரியாக

தேவை ரேமைத் தாண்டும் என்றால் துண்டு போடவேண்டும். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஸ்னாப்ஷாட் வாரியாகப் பிரிப்பது: டெய்லி.0 ஒரு ஓட்டம், டெய்லி.1 அடுத்த ஓட்டம். இது பேரழிவு. லிங்குகள் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவேதான் இருக்கின்றன. தனித்தனி ஓட்டங்களுக்கு ஒன்றன் டேபிள் மற்றதற்குத் தெரியாது. 30 பெயர் கொண்ட ஐநோட் 30 தனிக் கோப்பாகும். 39 டிபி நூற்றுக்கணக்கான டிபியாக விரியும். அதற்கு வெகு முன்பே டிஸ்க் நிரம்பிவிடும்.

ஆர்ஸ்னாப்ஷாட் லிங்க் போடும் விதத்தைப் பார்த்தால் சரியான வெட்டுக்கோடு தெரியும். ஒரு கோப்பின் 30 பெயர்களும் வெவ்வேறு ஸ்னாப்ஷாட்டில் இருந்தாலும், ஸ்னாப்ஷாட்டுக்குள் அவற்றின் பாதை ஒன்றேதான். வலை சர்வரின் ஈடிசி அடைவில் உள்ள கோப்பு, எல்லா ஸ்னாப்ஷாட்டிலும் அதே அடைவில் உள்ள கோப்புடன்தான் லிங்க் ஆகும். ஆகவே ஒரு கணினிக்கு ஓர் ஓட்டம் என்று பிரித்து, அந்தக் கணினியின் அடைவை எல்லா ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் ஒரே ஓட்டத்தில் கொடுக்கவேண்டும். ஸ்னாப்ஷாட் வேரில் நின்று, டெய்லி.* என்பதன் கீழ் அந்தக் கணினியின் பெயரை எழுதினால் ஷெல் அதை 30 பாதைகளாக விரித்துக்கொடுக்கும். சிபிக்கு ஆர்க்கைவ், பேரண்ட்ஸ் என்ற இரு ஆப்ஷன்கள். இரண்டாவது, மேலடைவுகளை இலக்கில் அப்படியே உருவாக்கும். ஒரே கட்டளையில் வந்த பாதைகள் எல்லாம் ஒரே டேபிளைப் பகிரும். ஓட்டம் முடிந்ததும் டேபிள் போய்விடும், அடுத்த கணினிக்கு வெறுமையிலிருந்து தொடங்கும். 20 கணினிகள் ஓரளவு சமமாக இருந்தால் 17 ஜிபி 1 ஜிபிக்குள் வரும். ஒரு கணினி மட்டும் மிகப் பெரிது என்றால் அதன் ஹோம், வார் போன்ற உள்ளடைவுகளாக மேலும் வெட்டலாம்.

வெட்டுவதற்கு முன், லிங்க் எதுவும் துண்டுக்கு வெளியே போகவில்லை என்று சோதிக்கவேண்டும். துண்டுக்குள் ஃபைண்ட் ஓட்டி ஒவ்வொரு கோப்பின் ஐநோட் எண்ணையும் லிங்க் எண்ணையும் ஒரு வரியாக எழுதி, வரிசைப்படுத்தி, யுனிக் கட்டளையால் எண்ணச் சொன்னால் மூன்று எண்கள் வரும்: துண்டுக்குள் கண்ட பெயர்களின் எண்ணிக்கை, ஐநோட், லிங்க் எண். முதலாவதும் மூன்றாவதும் சமமாக இல்லாத வரியை ஆக் கட்டளையால் பொறுக்கினால், வெளியே லிங்க் உள்ள ஐநோடுகள் கிடைக்கும். வெறுமையாக வந்தால் துண்டு பாதுகாப்பானது. சில நூறு வந்தால் பரவாயில்லை, அவை இருபிரதியாகும், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் வந்தால் வெட்டுக்கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஒரு பின்வேலை உண்டு. அடுத்தடுத்த ஓட்டங்கள் டெய்லி.0 போன்ற மேலடைவுகளுக்குள் எழுதும்போது அவற்றின் மாற்ற நேரம் புதிதாகிவிடும். கடைசியில் ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கட்டளையை அடைவுகளுக்கு மட்டும் ஓட்டி, கோப்புகளை எல்லாம் விலக்கினால், நேரங்கள் பழையபடி வந்துவிடும்.

ஆர்சிங்க் வழி

இதே துண்டுகளை ஆர்சிங்காலும் நகர்த்தலாம்: ஆர்க்கைவ், ஹார்ட் லிங்க்ஸ், ரிலேட்டிவ் ஆப்ஷன்கள். 2008 மார்ச்சில் வந்த 3.0.0-க்கு முந்தைய ஆர்சிங்க், ஒரு பைட் நகரும் முன் முழுக் கோப்புப் பட்டியலையும் நினைவகத்தில் கட்டியது, கோப்புக்கு ஏறத்தாழ 100 பைட். 3.0.0 முதல் அடைவு அடைவாகப் பட்டியல் எடுத்து, முடிந்ததை விட்டுவிடுகிறது. ஆனால் இரு முனையிலும் 3.0.0 அல்லது அதற்குப் பின் வந்தது இருந்தால் மட்டும். டிலீட்-பிஃபோர், டிலீட்-ஆஃப்டர், டிலே-அப்டேட்ஸ், ப்ரூன்-எம்ப்டி-டிர்ஸ் ஆகியவற்றில் ஒன்றைப் போட்டாலும் பழைய முறைக்குத் திரும்பிவிடும். அழிக்கவேண்டும் என்றால் டிலீட்-ட்யூரிங் போதும். ஒரே அடைவுக்குள் 50 லட்சம் கோப்பு கிடந்தால் இந்த முறையும் கைகொடுக்காது. ஓர் அடைவின் பட்டியல் முழுதாகவே எடுக்கப்படும்.

ஹார்ட் லிங்க்ஸ் ஆப்ஷன் ஆர்சிங்கிலும் நினைவகம் தின்னும். அதைத் தவிர்க்க லிங்க்-டெஸ்ட் இருக்கிறது. மிகப் பழைய ஸ்னாப்ஷாட்டை முதலில் நகலெடுத்து, அடுத்ததை நகலெடுக்கும்போது லிங்க்-டெஸ்டாக முந்தையதன் புதிய நகலைக் காட்டவேண்டும். பெயர், அளவு, நேரம், உரிமை எல்லாம் பொருந்தினால் லிங்க் போடும். பெரிய டேபிள் எதுவும் வேண்டாம். விலை என்னவென்றால், ஒரே ஸ்னாப்ஷாட்டுக்குள் இருக்கும் லிங்குகள் உடையும். லிங்க்-டெஸ்டுக்குக் கொடுக்கும் சார்புப் பாதை இலக்கு அடைவிலிருந்து கணக்காகும், நாம் நிற்கும் அடைவிலிருந்து அல்ல. இதில் பிசகினால் லிங்க் ஒன்றும் விழாது, எல்லாம் முழு நகலாகும். முதல் இரண்டு ஸ்னாப்ஷாட் முடிந்ததும் டிஎஃப் பார்த்து, இரண்டாவது மிகக் குறைவான இடமே எடுத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

கெட்ட ப்ளாக் சந்தேகம் இருந்தாலும் ப்ளாக் நிலை வழி முழுதாக மூடவில்லை. பழுதான டிஸ்கை ப்ளாக் ப்ளாக்காக நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ, படிக்க முடியாத பகுதிகளை மேப் கோப்பில் குறித்துவைக்கும். பெரும்பாலும் அவை சிலவே. எந்தக் கோப்பில் விழுந்தன என்பதைப் பிறகு தேடலாம். நிரம்பிய 40 டிபி வரிசையில் இதுவே வேகமானது. இரண்டும் எக்ஸ்எஃப்எஸ் என்பதால் ஒன்றை மனதில் வைக்கவேண்டும்: நகலின் யூயூஐடியும் (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) ஒன்றேதான், ஒன்று மவுன்ட் ஆகியிருக்கையில் மற்றதை மவுன்ட் செய்ய கெர்னல் மறுக்கும். நோயூயூஐடி ஆப்ஷனுடன் மவுன்ட் செய்யலாம்.

நினைவகக் குறை போலத் தெரியும் வேறு சில

கோடிக்கணக்கான கோப்பைத் தொட்டால் ஃப்ரீ கட்டளையில் காலி ரேம் சுருங்கும், ஆனால் எந்த ப்ராசஸும் அதைப் பிடித்திருக்காது. கெர்னலின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஸ்லாப்டாப்பில் பார்த்தால் எக்ஸ்எஃப்எஸ் ஐநோடும் டென்ட்ரியும் (கோப்புப் பெயர்களின் கேச்) மேலே இருக்கும். ஐநோட் ஒன்றுக்கு 1 கேபி அளவு. இது கேச், தேவைப்பட்டால் கெர்னல் விடுவிக்கும். பார்க்கவேண்டியது அவைலபிள் என்ற நெடுவரிசை.

ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங் என்ற செய்திக்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை. ஷெல் நட்சத்திரத்தை விரித்த பட்டியல், கட்டளைக்கு அனுப்பக்கூடிய எல்லையைத் தாண்டியிருக்கிறது. 8 எம்பி ஸ்டாக் எல்லையில் அது 2 எம்பி. ஃபைண்ட் மூலம் எக்ஸ்ஆர்க்ஸுக்கு அனுப்பினால் தீரும், பெயர்களைப் பிரிக்க நல் எழுத்தைப் பயன்படுத்தி.

ஆர்சிங்க் 22 என்ற எண்ணுடன் வெளியேறினால் அது கேட்ட நினைவகம் கிடைக்கவில்லை. செய்தியில் மேக்ஸ்-அலாக் என்று இருந்தால் ரேம் தீரவில்லை. ஒரே ஒதுக்கத்துக்கு ஆர்சிங்க் தானே வைத்திருக்கும் 1 ஜிபி எல்லை தட்டியது, அதே பெயர் கொண்ட ஆப்ஷனால் உயர்த்தலாம். 12 என்ற எண்ணுடன் இணைப்பு அறுந்தால் மறுமுனையின் கெர்னல் லாகைப் பார்க்கவேண்டும். அங்கே அவுட் ஆஃப் மெமரி வரியில் ஆர்சிங்கின் பெயர் இருக்கலாம். கட்டளையின் வெளியேறும் எண் 137 என்றால் அதை யாரோ சிக்னல் 9-ஆல் கொன்றிருக்கிறார்கள். கன்டெய்னருக்குள் என்றால் பெரும்பாலும் அதன் மெமரி எல்லை.

சரிபார்ப்பு

இரு பக்க டிஎஃப் சமமாக இருப்பது நல்ல அறிகுறி, சான்று அல்ல. இரு பக்கமும் ஃபைண்ட் ஓட்டி ஒவ்வொரு கோப்புக்கும் சார்புப் பாதை, அளவு, மாற்ற நேரம், லிங்க் எண் ஆகியவற்றை ஒரு வரியாக எழுதி, எல்சி ஆல் மாறியை சி என்று வைத்து வரிசைப்படுத்தி, காம் (comm) கட்டளையால் ஒப்பிடவேண்டும். மொழி அமைப்பு இரு பக்கமும் வேறாக இருந்தால் வரிசை மாறி, இல்லாத வேறுபாடுகள் கோடிக்கணக்கில் தெரியும்; அதற்காகத்தான் அந்த மாறி. லிங்க் எண் மட்டும் வேறுபடும் வரிகள், லிங்க் உடைந்த இடங்கள்.

உள்ளடக்கத்துக்கு, பிழை லாகில் இன்புட்/அவுட்புட் எரர் என்று வந்த ஒவ்வொரு கோப்பையும் மூலக் கணினியில் இன்னும் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் புதிதாக எடுத்துப் போடவேண்டும். அப்படிப் போடும்போது பழைய பெயரின் மேல் அப்படியே எழுதினால், அதே ஐநோடைப் பகிரும் 30 ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து மாறும். கோப்பு இடையில் மாறவே இல்லை என்று உறுதியானால் அதுதான் வேண்டியது. உறுதி இல்லையென்றால் வேறு பெயரில் எழுதி ரீநேம் செய்யவேண்டும். அப்போது அந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் புதிய ஐநோடுக்கு மாறும், மற்றவை கெட்ட நகலையே சுட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றின் பாதைகளைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளவேண்டும்.